விரலுக்கு விடை தரும் பொத்தான்

மடிக்கணினியின் முகத்திலிருந்து இரண்டு பொத்தான்களை நீக்கியவர்கள் அழகையும் மெலிவையும் கண்டார்கள். அதைத் தினமும் தொட்டு வேலை செய்கிறவர்களின் கை கண்டது என்ன? திண்டுக்கல் நகரத்திலிருந்தும் அதைச் சூழ்ந்த சமவெளியிலிருந்தும் ஒரு பார்வை.

திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை நண்பகல் வெயிலில் அனலாய்க் காய்ந்துகொண்டிருக்கும் வேளை. சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றின் எதிரே, தகரக் கூரையின் கீழ், ஒரு பத்திர எழுத்தரின் கடை. விற்கிறவர், வாங்குகிறவர், சாட்சிக் கையெழுத்துக்காக ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட இரண்டு உறவினர்கள், யாருடைய இடுப்பிலோ உறங்கிப்போன ஒரு குழந்தை என்று இத்தனை பேர் சூழ்ந்திருக்க, ஐம்பது வயதைக் கடந்த எழுத்தர் ஒரு கிரயப் பத்திரத்தைத் தட்டெழுதிக்கொண்டிருக்கிறார். மேஜையோ சிறியது. மூலப் பத்திரங்களின் நகல்கள், வில்லங்கச் சான்று, ஸ்டாம்ப் பேட், பாதி குடித்த டீ கிளாஸ் ஆகியவற்றுக்கு நடுவே புத்தம் புதிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டிலிருந்து புறப்படும் கறுப்பு வயர், பழைய காலண்டர் அட்டையின் மேல் வைத்திருக்கும் ஒரு மவுஸில் போய் முடிகிறது.

"லேப்டாப்லயே டச்பேட் இருக்கே, இந்த இடுக்குல மவுஸ் எதுக்குண்ணே?" என்று வாங்குகிறவரின் மகன் கேட்கிறான்.

"அதுல எங்க அமுக்குறோம்னு விரலுக்கே தெரிய மாட்டேங்குது தம்பி. ஒரு வரிய எடுத்து மாத்தணும்னா இன்னொரு வரி சேர்ந்து வந்துடுது. சர்வே நம்பர்ல ஒரு எண்ணு மாறிப்போனா நாளைக்கு உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

இத்தகைய காட்சியைத் திண்டுக்கல்லில் எந்த அலுவலகத்திலும், எந்த இ-சேவை மையத்திலும் காணலாம். சுட்டுவதற்கான சாதனத்தைத் தன் உடம்பிலேயே கொண்டு பிறந்த யந்திரத்துக்கு, வெளியிலிருந்து இன்னொரு சுட்டும் சாதனத்தைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள். பழக்கதோஷம் என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. பழக்கம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மவுஸில் இருப்பதும் டச்பேடில் இல்லாமற்போனதும் ஒன்றே: அழுத்தினால் அமுங்கி, 'டிக்' என்று விரலுக்கு விடை சொல்லி, மறுபடி எழுந்து நிற்கும் இரண்டு தனிப் பொத்தான்கள்.

மறைந்த விதம்

பூர்வ கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட் கற்பனை செய்து, பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் 1964-ல் மரக்கூட்டுக்குள் அமைத்துக் கொடுத்த முதல் மவுஸிலேயே ஒரு பொத்தான் இருந்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் அதைப் பொதுச் சபையில் இயக்கிக் காட்டியபோது அது மூன்று பொத்தான்களாகப் பெருகியிருந்தது. கணினி மடிக்கு வந்த பிறகு, மேஜையில்லாத இடத்தில் மவுஸை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. முதலில் உருளும் பந்தும், பிறகு விரலால் தடவும் பலகையும் அதற்கு விடையாயின. 1994-ல் ஆப்பிள் நிறுவனத்தின் பவர்புக் 500 வரிசையில் டச்பேட் வந்தபோதும், அதன் பின் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் வரையிலும், பலகைக்கு அருகே பொத்தான் என்பது யாரும் கேள்வி கேட்காத நியதியாக இருந்தது. 2008 அக்டோபரில் அதே நிறுவனம் பொத்தானை நீக்கி, கண்ணாடிப் பலகை முழுவதுமே அமுங்கும்படி செய்தது. மற்ற நிறுவனங்களும் அந்த வழியே சென்றன. 2015-ல் இன்னும் ஒரு படி மேலே போய், அமுங்கவே அமுங்காத, ஆனால் அமுங்கியதாக விரலுக்குத் தோன்றும்படி உள்ளே அதிரும் பலகையையும் ஆப்பிள் கொண்டுவந்தது.

அந்த அதிரும் பலகை நல்ல வேலைப்பாடுதான். அதைக் குறை சொல்வது நியாயமாகாது. அதற்கு உரிய விலையைக் கொடுக்கக் கூடியவர்களுக்கு அது ஓரளவு சௌகரியத்தைத் தருகிறது. நம் ஊர் மாணவனுக்கும் குமாஸ்தாவுக்கும் கிடைப்பது அதுவன்று. அவர்களுக்குக் கிடைப்பது, மேல் விளிம்பில் கீல் போன்ற பிடிப்புடனும், அடியில் ஒரே ஒரு ஸ்விட்சுடனும் உள்ள மலிவான பிளாஸ்டிக் பலகை. கீலுக்கு அருகே அழுத்தினால் அது அசையாது. கீழ் ஓரத்தில் அழுத்தினால் எளிதில் அமுங்கும். இடது வலது என்ற பேதம் அந்த ஸ்விட்சுக்குத் தெரியாது. விரல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மென்பொருள் ஊகித்து முடிவு செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்பை நகர்த்துகிற பரப்பும் ஆணையை உறுதி செய்கிற பரப்பும் ஒன்றாகிவிட்டதால், அழுத்துகிற அந்தக் கணத்தில் விரல் சற்றே தட்டையாகிப் படிய, அம்பு இம்மியளவு நகர்ந்துவிடுகிறது. பத்திர எழுத்தர் சொன்ன 'சேர்ந்து வந்துவிடும் வரி' இதன் விளைவே.

முக்கால் விநாடி

▣ *பெட்டிச் செய்தி: சிவப்புக் குமிழின் கதை*
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மவுஸுக்குக் கொண்டுபோக ஏறக்குறைய முக்கால் விநாடி ஆகிறது, திரும்பி வர மற்றொரு முக்கால் விநாடி என்ற கணக்கைப் படித்த டெட் செல்கர் என்ற ஆராய்ச்சியாளர், கை நகராமலே அம்பை நகர்த்த வழி தேடினார். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோசஃப் ரட்லெட்ஜுடன் சேர்ந்து அவர் உருவாக்கியதே, ஜி, எச், பி எழுத்துகளின் நடுவே நிற்கும் சிறு குமிழ். 1992 அக்டோபரில் வந்த திங்க்பேட் 700சி மடிக்கணினியில் அது இடம்பெற்றது. அதன் பொத்தான்கள் கட்டைவிரலுக்கு எட்டும்படி விசைப்பலகையின் கீழ் அமைந்தன.

தட்டெழுத்து என்ற கலை இன்னும் ஜீவனோடு இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. திண்டுக்கல் போன்ற நகரங்களில் மாலை நேரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றைக் கடந்து செல்கிறவர்களுக்கு, பலர் ஒரே சமயத்தில் அடிக்கும் எழுத்துக் கட்டைகளின் ஓசை இன்றும் கேட்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஜூனியர், சீனியர் பரீட்சைகளுக்காக அங்கே பயிலும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் முதலில் கற்பிப்பது, கண் தாளில் இருக்க வேண்டும், விரல்கள் தம் ஸ்தானத்தை விட்டு அகலக் கூடாது என்ற விதியைத்தான். அப்படிப் பயின்ற விரல்களுக்குச் செல்கரின் குமிழும் அதன் பொத்தான்களும் எத்தனை இயல்பாகப் பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடையாளமற்ற ஒரு பரப்பைத் தேடித் தடவுமாறு அவ்விரல்களை வற்புறுத்துகிறபோது, கண்ணும் தாளை விட்டுக் கீழே இறங்க நேர்கிறது. பல மாதப் பயிற்சியினால் பெற்ற ஒரு வித்தையின் பாதிப் பயன் அங்கே விரயமாகிறது.

காய்த்துப்போன கைகள்

இந்த மாற்றத்தின் பலன்களை அதிகமாக அனுபவித்தவர்கள், மென்மையான விரலும் குளிரூட்டிய அறையும் விலையுயர்ந்த யந்திரமும் உடையவர்கள். நஷ்டத்தைச் சுமப்பவர்கள் வேறு. டச்பேடின் அடியில் நுண்ணிய மின்தடங்கள் வலையாகப் பின்னியிருக்கின்றன. விரல் நெருங்கும்போது அங்கே மின்தேக்கம் மாறுவதைக் கண்டு அது விரலின் இருப்பிடத்தை அறிகிறது. தோல் தடித்துக் காய்த்துப்போன விரலையும் மிகவும் உலர்ந்த விரலையும் அது சில வேளைகளில் உணர்வதில்லை. ஈர விரலையோ அது தவறாக உணர்கிறது. ஒரு துளி வியர்வை படிந்தால் அம்பு தானே துள்ளி ஓடும்.

இவ்விரு லட்சணங்களும் சேர்ந்து அமைந்த கைகள் இந்தச் சமவெளியில்தான் எத்தனை! நூற்பாலைத் தொழிலாளியின் கை, தோல் பதனிடும் கூடத்தில் சுண்ணாம்பு நீரிலே ஊறிய கை, சின்னாளபட்டித் தறியில் ஓடிய கை, நிலக்கோட்டையில் விடியுமுன் ஈரப் பூவை அளந்து போடுகிற கை. இந்தக் கைகளுக்குக் கணினி எதற்கு என்று கேட்கும் காலம் போய்விட்டது. பட்டா மாறுதலுக்கும் உதவித்தொகைக்கும், மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கும் எல்லாரும் திரையின் முன் வந்து நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. ரேஷன் கடையில் ரேகை பதியாமல் துணியில் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கும் முதிய விரல்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது வேறு யந்திரம், கோளாறின் காரணமும் வேறு. சங்கடப்படுகிற விரல் ஒன்றே. பொத்தானுக்கு இந்தப் பேதம் கிடையாது. காய்த்த விரலானாலும் ஈர விரலானாலும் நடுங்கும் விரலானாலும், அதன் மேல் உள்ள பாரத்தை மட்டுமே அது அறியும். அடியிலுள்ள சிறு உலோகக் குமிழி ஓர் அளவு பாரம் வரை தாங்கி நின்று, அந்த அளவைத் தாண்டியதும் சட்டென மடங்கிக் கொடுக்கிறது. அந்த மடக்கத்தையே விரல் விடையாக ஏற்றுக்கொள்கிறது.

பழுது பார்க்கும் விஷயத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. மடிக்கணினிகள் பலவற்றில் பேட்டரி, டச்பேடின் அடியிலோ அதை ஒட்டியோ அமைந்திருக்கிறது. வெப்பத்திலும் வயதிலும் பேட்டரி உப்பும்போது பலகையைக் கீழிருந்து தள்ள, அது அமுங்க மறுக்கிறது. டச்பேட் வேலை செய்யவில்லை என்று கடைக்கு வரும் யந்திரத்தைத் திறந்து பார்த்தால் உண்மையான நோய் பேட்டரியில் இருப்பது இதனால்தான். அப்படி உப்பிய பேட்டரி ஆபத்தானது. பலகை மேடிட்டுத் தெரிந்தால் சார்ஜ் ஏற்றுவதை உடனே நிறுத்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவது அவசியம். தனிப் பொத்தான் கெட்டால், பெரும்பாலும் சின்னஞ்சிறு ஸ்விட்ச் ஒன்றைப் பற்றவைப்பதோடு வேலை முடியும்.

பூட்டுப் பட்டறையில்

ஸ்பரிசத்தின் வழியே வரும் உறுதியைப் பற்றிப் பேசுவதற்குத் திண்டுக்கல்லுக்கு உள்ள உரிமை வேறு ஊர்களுக்கு இல்லை. நாகல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்யப்படும் பூட்டுகளுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவிலான மாங்காய்ப் பூட்டைப் பாட்டன் வீட்டுக் கதவில் பார்க்காத தமிழர் அரியர். அதன் உள்ளே அடுக்கப்பட்ட லீவர்கள் ஒவ்வொன்றையும், சாவியின் பல் அதற்கு உரிய உயரத்துக்குத் தூக்கி, எல்லாவற்றின் வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும்போதுதான் தாழ் நகரும். அது நகர்ந்ததைச் சாவி பிடித்த கை உணரும். திருப்பும்போதெல்லாம் மணி ஒலிக்கும் மணிப்பூட்டு என்றும் ஒரு வகை இங்கே செய்திருக்கிறார்கள். இருட்டில் கடையைப் பூட்டுகிற வியாபாரிக்கும், கண் மங்கிய பாட்டிக்கும், பூட்டியாயிற்று என்ற செய்தியைக் கைக்கும் காதுக்கும் ஒருங்கே சொன்ன யுக்தி அது.

பூட்டுத் தொழிலாளி உலோகத்தால் செய்ததையே நல்ல பொத்தானைச் செய்கிற பொறியாளரும் செய்கிறார். செயல் நிறைவேறியதா என்ற சந்தேகத்தை, கண்ணின் தயவில்லாமல், அந்த இடத்திலேயே தீர்த்து வைப்பது இருவர் வேலையின் சாரமும் ஆகும். அலிகார் பூட்டின் போட்டியிலும் யந்திர உற்பத்தியின் மலிவிலும் திண்டுக்கல் பூட்டுத் தொழில் நலிந்திருப்பது வேறு துக்கம். அதைத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும்.

நீலப் பொத்தான்

நம் தேசத்தில் கோடானுகோடி ஜனங்கள் எவ்விதப் பயிற்சியும் இல்லாமல் இயக்கும் ஒரு மின்னணு யந்திரம் உண்டு. வாக்குப்பதிவு யந்திரம் 1982-ல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டு, 2001 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் பயன்பட்டது. அதில் திரையைத் தடவும் வேலையே கிடையாது. வேட்பாளரின் பெயர், சின்னம், அதற்கு நேராக ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது, 'பீப்' என்று நீண்ட ஒலி எழுகிறது. பார்வையற்றவர்கள் தடவி அறிய, பிரெய்லி எண்களும் உண்டு. பிற்காலத்தில் சேர்ந்த வி.வி.பேட் கருவி, அச்சிட்ட சீட்டை 7 விநாடி கண்ணாடிக்குப் பின்னே காட்டுகிறது. கைக்கும் காதுக்கும் கண்ணுக்கும் மூன்று விடைகள்! 1973 இடைத்தேர்தலில் இரட்டை இலைச் சின்னத்துக்கு முதல் வெற்றியைத் தந்த திண்டுக்கல் தொகுதியின் வாக்காளர்கள் அன்று காகிதத்தில் முத்திரை குத்தினார்கள். அவர்களில் பலர் முதுமையில் இந்த நீலப் பொத்தானுக்கு மாறியபோது எவ்விதச் சிரமமும் அடைந்ததாகத் தெரியவில்லை.

அந்த யந்திரத்தைப் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உருவாக்கியதில் முக்கியப் பங்கு கொண்டவர், தமிழ் வாசகர்கள் அனைவரும் அறிந்த எழுத்தாளர் சுஜாதா; அலுவலகத்தில் அவர் எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர். கணினியைப் பற்றித் தமிழில் எளிமையாக எழுதியவரின் கை பட்ட யந்திரம், எழுத்தறியாதவரின் விரலுக்கும் விளங்கும்படி அமைந்தது.

திரும்பி வந்தவை

▣ *பெட்டிச் செய்தி: பத்து விநாடியும் நாற்பத்தைந்து விநாடியும்*
2022-ல் ஸ்வீடனின் 'வி பிலேகரே' என்ற கார்ப் பத்திரிகை, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது வெப்பத்தை மாற்றுவது, வானொலி நிலையத்தை வைப்பது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய ஆகும் நேரத்தை அளந்தது. பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வோல்வோ காருக்கு 10 விநாடி போதுமாயிருந்தது. தொடுதிரையை நம்பிய புதிய கார்களில் மிகவும் பின்தங்கியதற்கு 44.9 விநாடி தேவைப்பட்டது. அதற்குள் கார் 1,300 மீட்டருக்கு மேல் ஓடியிருந்தது.

நீக்கிய பொத்தானைத் திருப்பிக் கொடுத்த திருஷ்டாந்தங்களும் உண்டு. ஐ.பி.எம்.மிடமிருந்து திங்க்பேடை வாங்கிய லெனோவோ நிறுவனம், 2013-ல் வந்த டி440 முதலிய மாடல்களில் குமிழின் தனிப் பொத்தான்களை நீக்கி, அவற்றின் வேலையை அமுங்கும் பலகையின் மேல் விளிம்பில் ஏற்றியது. பயன்படுத்தியவர்கள் பலமாக முறையிட்டார்கள். 2015-ல் வந்த டி450, எக்ஸ்250 மாடல்களில் பொத்தான்கள் தம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தன. இது வாடிக்கையாளர்களின் வெற்றி. ஆனால் நிரந்தர வெற்றி என்று சொல்வதற்கில்லை. 2025-ல் வெளியான திங்க்பேட் எக்ஸ்9 மாடலில் அந்தக் குமிழே இல்லை.

கடலில் நேர்ந்ததோ கொடுமையானது. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூருக்கு அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் மோதியதில் 10 மாலுமிகள் மாண்டனர். பயிற்சிக் குறைவு முதலான காரணங்களோடு, தொடுதிரை வழியாகச் சுக்கானையும் வேகத்தையும் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டினால் விளைந்த குழப்பமும் விசாரணையில் வெளிப்பட்டது. கையால் பிடித்துத் தள்ளும் வேகக் கைப்பிடிகளை மறுபடி பொருத்தப் போவதாக 2019-ல் அந்தக் கடற்படை அறிவித்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர் முதலிய அத்தியாவசிய வேலைகளுக்கு உண்மையான பொத்தானோ நெம்போ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்ற விதியை 2026 முதல் வகுத்திருக்கிறது.

மடிக்கணினியில் தவறாக விழும் ஒரு கிளிக்கினால் உயிர் போவதில்லை என்று சொல்லலாம். வாஸ்தவம். ஆனால் ஒரு விண்ணப்பத்தைத் தவறான நேரத்தில் 'சமர்ப்பி' என்று அழுத்திவிட்டால் ஓராண்டுக் கல்வி உதவி போகலாம். ஏழைக் குடும்பத்துக்கு அது சிறிய விஷயமன்று.

காந்திகிராமத்தின் பக்கம்

1924-ல் சாந்திநிகேதனத்து மாணவர் ஒருவர் டெல்லியில் காந்தியடிகளைச் சந்தித்து, எல்லா யந்திரங்களையும் தாங்கள் எதிர்க்கிறீர்களா என்று வினவினார். அந்தச் சம்பாஷணை அவ்வாண்டு நவம்பரில் 'யங் இந்தியா'வில் வெளியாயிற்று. யந்திரத்தின் மேல் கொண்ட மோகத்தையே தாம் எதிர்ப்பதாகவும், மனிதனுடைய அங்கங்களை அது சூம்பச் செய்யலாகாது என்றும் விளக்கிய காந்தியடிகள், சிங்கர் தையல் யந்திரத்தை விலக்காக ஏற்றுப் போற்றினார்; மனைவியின் சிரமத்தைக் கண்டு மனம் இரங்கியதால் பிறந்த யந்திரம் அது என்பது அவர் கருத்து. கேள்வி கேட்ட அந்த இளைஞர் ஜி. ராமச்சந்திரன். பிற்காலத்தில் அவர் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம், திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளபட்டிக்கு அருகே இன்றும் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

அந்தப் பழைய உரைகல்லில் இன்றைய மடிக்கணினியை உரசிப் பார்ப்பதில் பிழையில்லை. யாருடைய சிரமத்தைக் கண்டு மனம் இரங்கி இந்தப் பொத்தான்கள் நீக்கப்பட்டன? வழவழப்பான தோற்றத்துக்காகவும், இரண்டு விரலாலும் மூன்று விரலாலும் சைகை செய்யும் பெரிய பரப்புக்காகவும் நீக்கினார்கள். பெரிய பரப்பால் பயன் உண்டென்பதை ஒப்புக்கொள்ளலாம். அதன் கீழே ஒரு விரற்கடை அகலத்தில் இரண்டு பொத்தான்கள் இருப்பதனால் அந்தப் பயன் கெட்டுவிடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கடையிலும் டெண்டரிலும்

▣ *பெட்டிச் செய்தி: வாங்குமுன் செய்து பார்க்க*
கடையில் யந்திரத்தை இயக்கச் சொல்லி, ஒரு பத்தியின் நடுவிலுள்ள ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து வேறிடத்துக்கு இழுத்துச் செல்லுங்கள். பலகையின் மேல் மூலையில் அழுத்தி, அமுங்குகிறதா என்று பாருங்கள். திரையை மட்டும் நோக்கியபடி வலது கிளிக் செய்யுங்கள். விரலைச் சற்று ஈரமாக்கி அம்பை நகர்த்துங்கள். தட்டுகிறபோது உள்ளங்கை பட்டு அம்பு தாவுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதன் கீழ் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட யந்திரங்கள் மாணவர் கையை அடைந்தன. இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவித்து, அதற்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். உலகத்தில் எந்தத் தனி வாடிக்கையாளருக்கும் எளிதில் கிட்டாத பேர வலிமை இது. தனி மனிதன் கடையில் போய்ப் பொத்தான் கேட்டால் மாடல் இல்லை என்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் பழைய திங்க்பேடைத் தேடி அவன் அலைய வேண்டும். லட்சக்கணக்கில் வாங்கும் அரசு கேட்டால் நிறுவனங்கள் அச்சையே மாற்றி வார்க்கும்.

ஆகவே, அரசுக்காக இந்த யந்திரங்களை வாங்கும் எல்காட் நிறுவனம் அடுத்த டெண்டரை வெளியிடும்போது, பிராசஸருக்கும் மெமரிக்கும் நிபந்தனை எழுதுகிற அதே பட்டியலில், 'இடது, வலது என இரண்டு தனிப் பொத்தான்கள் கொண்ட டச்பேட்' என்று ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கணினியைத் தொடும் தலைமுறைக்கு அது பெரிய உபகாரம். மாதிரி யந்திரங்களைச் சோதிக்கும் குழுவில் பொறியாளர்களோடு ஒரு தட்டெழுத்து ஆசிரியரும், இ-சேவை மைய ஊழியர் ஒருவரும், பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவரும் அமர்ந்து, தம் கையால் இயக்கிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லட்டும். இந்த முறை அது இயலாதென்றால், ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு வயர் மவுஸையாவது சேர்த்துக் கொடுக்கட்டும். பென் டிரைவுக்காக அதைப் பிடுங்க நேராதபடி, யந்திரத்தில் யூ.எஸ்.பி. துளை இரண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும்.